அவள் நம்மை ஏசியவளாக இருந்தாலும்...

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

கடைவீதியிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறேன். ஒரு தலைவர் இறந்துவிட்டார், பந்த் என்கிறார்கள். நீங்கள் ஷட்டரை இறக்குகிறீர்கள். எதற்காக? இறந்தவர் மீதுள்ள மரியாதையினாலா? கண்ணாடி உடையுமே, சரக்கு தெருவுக்கு வருமே என்ற பயத்தினாலா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். எந்தத் தலைவர் என்று பெயர் சொல்ல வேண்டாம். சிரிக்கிறீர்கள்! பதில் கிடைத்துவிட்டது.

உங்கள் மனதில் இருப்பதை ஒரு பெண் எழுதினாள். 2012 நவம்பர் 17 அன்று பால் தாக்கரே காலமானார். மறுநாள் மும்பையும் சுற்றுப்புறமும் அடைந்து கிடந்தன. அப்போது தாணே மாவட்டத்தில் இருந்த பால்கர் என்ற ஊரில் 21 வயது முஸ்லிம் பெண் ஒருத்தி ஃபேஸ்புக்கில் நாலு வரி எழுதினாள். மனிதர்கள் தினமும் பிறக்கிறார்கள், இறக்கிறார்கள், அதற்காக ஊரை அடைக்க வேண்டுமா, இது மரியாதையால் அல்ல, பயத்தால் நடக்கிறது என்ற பொருளில்! அவளுடைய தோழி, ஹிந்துப் பெண், அதற்கு ஒரு 'லைக்' போட்டாள். இதுதான் நடந்தது. வசை இல்லை, மிரட்டல் இல்லை.

கூட்டம் கிளம்பியது. அவளுடைய உறவினர் நடத்திய மருத்துவமனையை அடித்து நொறுக்கினார்கள். போலீஸ் யாரைப் பிடித்தது தெரியுமா? முதலில் அந்த இரண்டு பெண்களை! மறுநாள் கைது, நீதிமன்றம், தலா 15,000 ரூபாய் ஜாமீன். லைக் போட்டவளுக்கும் அதே வழக்கு! நாடே கொதித்த பிறகு இரண்டு போலீஸ் அதிகாரிகள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள், வழக்கும் கைவிடப்பட்டது. ஆனால் ஸ்டேஷன் வாசலை அந்தப் பிள்ளைகள் மிதித்தது மிதித்ததுதானே?

அவர்கள் மீது பாய்ந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. இணையத்தில் யாருக்கேனும் 'எரிச்சல்' உண்டாக்கினாலும் மூன்றாண்டு வரை சிறை என்று சொன்ன பிரிவு அது. எரிச்சல் வராத மனிதன் உண்டா? பால்கர் கைதைப் பார்த்துக் கொதித்த ஷ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி உச்சநீதிமன்றம் போனார். 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வர், நாரிமன் அடங்கிய அமர்வு அந்தப் பிரிவைத் தூக்கி எறிந்தது. எறிந்த பிறகும் பல மாநிலங்களில் போலீஸ் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தது என்பது வேறு வேதனை. அந்த வழக்குகளையெல்லாம் கைவிடுங்கள் என்று 2022 அக்டோபரில் உச்சநீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது.

66ஏ போய்விட்டது. கைது போனதா? இல்லை.

2025 மே மாதத்தை எடுத்துக் கொள்ளுங்கள். ஆபரேஷன் சிந்தூர் நடந்த மாதம். புனேயில் படித்துக்கொண்டிருந்த ஜம்மு காஷ்மீரைச் சேர்ந்த 19 வயது மாணவி, இன்ஸ்டாகிராமில் அரசை விமர்சித்த ஒரு பதிவைப் பகிர்ந்தாள். மிரட்டல் வந்ததும் இரண்டு மணி நேரத்தில் நீக்கிவிட்டாள், மன்னிப்பும் கேட்டாள். கல்லூரி அவளை வெளியேற்றியது, போலீஸ் கைது செய்து எரவாடா சிறைக்கு அனுப்பியது. பரீட்சை நேரம் வேறு. மே 27 அன்று மும்பை உயர்நீதிமன்றம் அரசைக் கண்டித்து, அன்றே அவளை விடுவிக்கச் சொன்னது. இந்தச் செய்தி வந்தபோது நம் இளைஞர்கள் என்ன எழுதினார்கள்? 'இது அநீதி', 'எங்கள் சகோதரி'. சரிதான்.

அதே மாதம் 30ஆம் தேதி. 22 வயது சட்ட மாணவி ஒருத்தியை கல்கத்தா போலீஸ் குருகிராமுக்குப் போய்க் கைது செய்தது. அவள் வெளியிட்ட வீடியோவில் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்களைப் பற்றி இழிவான பேச்சு இருந்தது. அதைக் கேட்ட யாருக்கும் நெஞ்சு கொதிக்கும், எனக்கும் கொதித்தது. அவளும் வீடியோவை நீக்கினாள், மன்னிப்புக் கேட்டாள். நோட்டீஸ் கொடுக்க முயன்றோம், ஆள் இல்லை, அதனால் வாரண்ட் பெற்றோம் என்றது போலீஸ். சிறையில் சுகாதார வசதி இல்லை என்று அவள் தரப்பில் முறையிட்டார்கள். ஜூன் 5 அன்று கல்கத்தா உயர்நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது, மிரட்டல்கள் இருப்பதால் பாதுகாப்பும் கொடுக்கச் சொன்னது.

இந்தச் செய்திக்கு நம் இளைஞர்கள் என்ன எழுதினார்கள்?

தம்பிகளே, இங்கேதான் எனக்குப் பேச்சு வரமாட்டேன் என்கிறது. மூன்று பேர் என்னிடம் வந்தார்கள், 'ஹஜ்ரத், நாமும் ஒரு புகார் எழுதுவோம், கையெழுத்துப் போடுங்கள்' என்று. உணர்வுள்ள பிள்ளைகள், ஐவேளை தொழுகிறவர்கள். ஒருவனின் போனை வாங்கி அவன் அந்தப் பெண்ணுக்கு என்ன எழுதியிருக்கிறான் என்று பார்த்தேன். அதை இந்த மேடையில் சொல்ல என் நாக்குக் கூசுகிறது. போலீஸ் லாக்கப்பில் அவளுக்கு என்னென்ன நடக்க வேண்டும் என்று எழுதியிருந்தான்! எவருடைய கண்ணியத்துக்காக எழுதுகிறோம் என்று நினைத்தானோ, அந்த நபியின் உம்மத்துதானா இவன்? போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் தலை குனிந்தான். நான் கையெழுத்துப் போடவில்லை.

அவனை மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. எங்கோ ஒருத்தி எதையோ எழுதிவிட்டாள் என்று, 'இரவோடு இரவாகக் கைது செய்!' என்று இதைப் போன்ற ஒரு மேடையில் முழங்கியவன்தான் நானும். கைதட்டலும் தக்பீரும் வாங்கினேன். இரவோடு இரவாக ஒரு பெண்ணைப் பிடிப்பது என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு தெரிந்தது. எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். ஒரு சில்லறை வியாபாரியின் மகள், கல்லூரியில் படிப்பவள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏதோ ஒரு படத்தை வைத்துவிட்டாள் என்று விசாரணைக்கு வரச் சொன்னார்கள். அந்திக்கு மேல் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தவள், இரவு ஒன்பது மணி வரை எழவில்லை. ஒரு பெண் போலீஸ்கூட அங்கே இல்லை. தண்ணீர் கேட்கவும் கூச்சம், கழிவறை எங்கே என்று கேட்கவும் கூச்சம். வாசலில் அத்தா நிற்கிறார், கல்லாவைப் பூட்டாமல் ஓடிவந்த மனிதர். பக்கத்தில் நான். எனக்கு நஹ்வு தெரியும், ஸர்ஃபு தெரியும், சட்டம் தெரியாது. கைகட்டி நின்றேன். எச்சரித்து அனுப்பினார்கள். வழக்கே இல்லை. ஆனால் அடுத்த வாரமே, பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. 'ஸ்டேஷனுக்குப் போய் வந்த பெண்' என்று பேசியது போலீஸ் அல்ல, நம் தெரு!

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு சொன்னபோது அது மதீனாவில் வாய் வாயாகப் பரவி ஒரு மாதம் ஓடியது என்று படிக்கிறோமே, அன்று ஃபார்வர்டு பொத்தான்கூட இல்லை. பத்தினிப் பெண்ணைப் பழித்து நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவனுக்கு 80 கசையடி என்பது அந்நூர் அத்தியாயத்தின் சட்டம். அதை மனப்பாடம் செய்த நாம்தான் ஒரு பெண்ணின் படத்தை நாலு குழுக்களுக்குத் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போகிறோம். 2021லும் 2022 ஜனவரி முதல் தேதியிலும் நம் சகோதரிகளின் படங்களை இணையத்தில் போட்டு 'ஏலம்' என்று கேலி செய்தார்களே, அந்த வலியை அறிந்த சமுதாயம் அல்லவா நாம்?

காவலில் இருக்கும் பெண்ணை எப்படி நடத்துவது என்பதற்கு சீறாவில் ஒரு சம்பவம் இருக்கிறது. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு. தைய் கோத்திரத்தின் மீது அலி (ரலி) தலைமையில் படை போனது. கொடைவள்ளல் ஹாத்திமின் மகள் கைதியானார். அவருடைய சகோதரர் அதீ ஷாம் நாட்டுக்கு ஓடிவிட்டார். அதாவது எதிரியின் சகோதரி, முஸ்லிமும் அல்ல. பள்ளிவாசலின் வாயிலருகே கைதிகளை வைத்திருந்த அடைப்பில் அவரும் இருந்தார். நபி (ஸல்) அவர்கள் கடந்து போகும்போது எழுந்து நின்று பேசினார். தந்தை இறந்துவிட்டார், எனக்காக வரவேண்டியவர் ஓடிவிட்டார், என்மீது இரக்கம் காட்டுங்கள் என்று முறையிட்டார். மூன்றாம் நாள் விடுதலை! அதோடு முடியவில்லை. அவசரப்பட்டுப் புறப்படாதே, உன் கூட்டத்தில் நம்பிக்கைக்குரியவர்கள் வரட்டும், அவர்களோடு போ என்றார்கள். ஆள் வந்ததும் உடுக்க உடை, ஏறிச்செல்ல வாகனம், வழிச்செலவு எல்லாம் கொடுத்து அனுப்பினார்கள். விடுதலையான பெண் இருட்டில் தனியே நடந்து போகக்கூடாது என்பதுவரை யோசித்திருக்கிறார்கள். அந்தப் பெண் சொல்லித்தான் அதீ மதீனாவுக்கு வந்தார், இஸ்லாத்தை ஏற்றார்.

'ஹஜ்ரத், அவர்கள் நம்மைப் பிடிக்கும்போது இதையெல்லாம் பார்க்கிறார்களா?' என்று ஒரு தம்பி கேட்பான். பார்ப்பதில்லைதான். அதற்காகத்தான் சொல்கிறேன். கல்கத்தா விஷயத்தில் புகார் கொடுத்தவர் இருக்கிறாரே, அவர் வேறு பதிவுகளில் ஹிந்துக்களின் மனதைப் புண்படுத்தினார் என்று ஜூன் மாதமே அவரையும் போலீஸ் பிடித்தது. இன்று நாம் தீட்டிக் கொடுக்கும் கத்தி நாளை யார் கையில் இருக்கும்? நபியை இழிவுபடுத்தினால் புகாரே கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. கொடு, சட்டப்படி நடக்கட்டும். ஆனால் அவளை லாக்கப்பில் வை, அவமானப்படுத்து என்று கேட்காதே.

சட்டம் என்ன சொல்கிறது? இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள், கைகட்டி நின்ற நான் பிறகு ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து படித்த பாடம் இது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. பெயர்தான் வாயில் நுழையாது, இந்தப் பாதுகாப்புகள் பழையவைதான். பகை மூட்டினார், மத உணர்வைப் புண்படுத்தினார் என்று பதிவுகளுக்காகப் பொதுவாகப் போடும் பிரிவுகளுக்கு மூன்றாண்டு வரைதான் தண்டனை. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றம் என்றால் எடுத்த எடுப்பில் கைது கூடாது, 35ஆவது பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம், கைது அவசியமென்றால் காரணத்தை எழுத வேண்டும். 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. பெண்ணானால், சூரியன் மறைந்த பின்பும் உதிப்பதற்கு முன்பும் கைது கூடாது. தவிர்க்கவே முடியாத நிலையென்றால் பெண் அதிகாரி எழுத்துமூலம் காரணம் காட்டி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெறவேண்டும். உடல் சோதனையைப் பெண்தான் செய்யவேண்டும், அதுவும் கண்ணியத்தோடு. கைதான பெண்ணின் மருத்துவப் பரிசோதனை பெண் மருத்துவர் மூலம் அல்லது அவர் மேற்பார்வையில்தான் நடக்கவேண்டும். சாட்சியாக விசாரிப்பதென்றால் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லவே கூடாது, அவள் வீட்டுக்குத்தான் வரவேண்டும். அன்றிரவு அந்த பெஞ்சருகே இந்த ஒரு வரி எனக்குத் தெரிந்திருந்தால்...! சாட்சியாகவா, குற்றம் சாட்டப்பட்டவளாகவா, எப்படி அழைத்தீர்கள் என்றாவது கேட்டிருப்பேன்.

இந்தப் பாதுகாப்புகள் சும்மா வந்தவையல்ல. 1982 மே மாதம் ஷீலா பார்சே என்ற பத்திரிகையாளர் பம்பாய் மத்தியச் சிறையில் 15 பெண் கைதிகளைச் சந்தித்தார். அவர்களில் ஐந்து பேர் போலீஸ் லாக்கப்பில் தாங்கள் தாக்கப்பட்டதைச் சொன்னார்கள். அவர் உச்சநீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே மனுவாக எடுத்துக்கொண்டு 1983இல் தீர்ப்பு வந்தது: பெண்களுக்குத் தனி லாக்கப், பெண் காவலர்களின் காவல், பெண் போலீஸ் முன்னிலையில்தான் விசாரணை. அந்தக் கைதிகள் எந்த மதம், என்ன குற்றம் செய்தவர்கள் என்று அவர் பார்த்திருந்தால் அந்தக் கடிதம் எழுதப்பட்டிருக்காது.

நம் செயற்குழுவில் ஒரு யோசனை வைத்திருக்கிறோம். ஒரு நோட்டு. அதில் ஒரு பெண் வக்கீலின் பெயர், போன் நம்பர் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள் என்று தகவல் வந்தால் உடனே கிளம்பி, அவள் பக்கத்தில் உட்காரக்கூடிய சகோதரிகள் ஆறு பேர் வேண்டும். ஆண்கள் கூட்டமாகப் போய் வாசலில் கோஷம் போடுவது வேண்டாம், அது அந்தப் பிள்ளையின் முகத்தை ஊருக்கெல்லாம் காட்டுவதாகும். போகவர வண்டிச் செலவைக் கடைவீதி ஏற்கவேண்டும் என்று வணிகப் பெரியவர்களிடம் கேட்கிறேன். பெரிய தொகையல்ல.

அப்போது செயற்குழுவில் ஒரு சகோதரர் கேட்டார், 'அந்தப் பெண் நம்மை ஏசியவளாக இருந்தால்?' நீண்ட நேரம் விவாதம் நடந்தது. சிலருக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை, மறைக்க விரும்பவில்லை. ஹாத்திமின் மகளைத்தான் நான் நினைவூட்டினேன். அப்போதும் போவார்கள் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறோம்.

நாளை அஸருக்குப் பிறகு நோட்டு அலுவலகத்தில் இருக்கும். வீட்டிலுள்ள சகோதரியிடம் கேட்டு, அவர் சம்மதம் வாங்கிக்கொண்டு வந்து பெயரை எழுதுங்கள்.