கூத்தர் காட்டிய வழி



திருவண்ணாமலை என்றதும் 217 அடி இராசகோபுரமும் கார்த்திகைத் தீபமும் 14 கிலோமீட்டர் மலைவலப் பாதையும் கண்முன் நிற்கும். அவை ஊரின் பெருமை, ஐயமில்லை. ஊரின் முகம் அவ்வளவுதானா என்பதே கவிஞர்முன் உள்ள வினா.

மேற்கே, செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடியது மலைபடுகடாம். அதன் 583 அடிகளில் பெருங்கௌசிகனார் மன்னனை மட்டுமா பாடினார்? பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையோடு எதிர்வரும் கூத்தனுக்கு வழி சொல்கிறான். எங்கே கால் வழுக்கும், எங்கே விருந்து கிடைக்கும் என விளக்குகிறான். கூத்தராற்றுப்படை என்ற மறுபெயர் அதனால் வந்தது.

அச்செங்கத்துப் பகுதியின் நடுகற்களில், ஆநிரை மீட்டு மாண்ட எளிய வீரர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. புலவர் பாடாத பெயர்களைக் கல் காத்தது.

கூத்தும் இம்மாவட்டத்தில் மறையவில்லை. செய்யாற்றை அடுத்த புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் மரபினர் பாரதக் கதையை ஆடினர். காபிரியேல் கார்சியா மார்க்வெஸின் சிறுகதையையும் தெருக்கூத்தாக்கினர்.

ஆயினும், பௌர்ணமிதோறும் மலைவலம் வந்து திரும்புவோருள் எத்தனை பேர் புரிசையை அறிவர்? நடுகற்களை அறிவர்? வழி சொல்வார் இன்மையே குறை.

பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டத்தார்க்கு அக்கூத்தனின் பணி காத்திருக்கிறது. ஒவ்வொருவரும் தம் சிற்றூரின் ஒரு கல்லை, ஒரு கூத்தரை, ஓர் ஏரியின் பெயரைப் பாட்டில் பதிப்பாராக. இருபதாம் ஆண்டு மலர் இம்மாவட்டத்தின் ஆற்றுப்படையாக மலரட்டும்.

வாழ்க தமிழ்!