ஈரலுக்கு ஜாதி உண்டா?

(பாபநாசம் கூட்டத்தில் பேசியது)



இவ்வூரின் பெயரே பாபநாசம். ராமன் தன் பாபத்தைப் போக்கிக்கொள்ள இங்கே 108 லிங்கங்களை வைத்துப் பூசித்தானென்று புராணம் சொல்லுகிறது. நமக்கோ ஈறில் ரத்தம் கசிந்தாலும், புண் ஆறாவிட்டாலும் அது முன்ஜென்மப் பாபம் என்றே சொல்லிவைத்திருக்கிறார்கள். அது பாபந்தானா என்று சற்று யோசித்துப் பாருங்கள்.

வைட்டமின் சி என்னும் சத்து உடம்பில் மிகவும் குறைந்தால் ஈறு வீங்கி ரத்தம் கசியும், புண் ஆறாது. இதற்கு ஸ்கர்வி என்று பெயர். 1747ல் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், இந்நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு பண்டங்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே சீக்கிரம் தேறினார்கள். மந்திரம் எதுவும் அங்கே வேலை செய்யவில்லை.

சரி, குதிரில் நெல்லை மட்டுமே தின்று கொழுக்கும் எலிக்கு ஸ்கர்வி ஏன் வருவதில்லை? அதன் ஈரல் இச்சத்தைச் சர்க்கரையிலிருந்து தானே செய்துகொள்ளுகிறது. அவ்வேலையின் கடைசிப் படியை முடிக்கும் நொதி எலி, ஆடு, மாடு இவற்றின் ஈரலில் உண்டு. மனிதன் ஈரலில் இல்லை. அதற்குரிய ஜீன் நம்மிடம் பழுதாகிக் கிடக்கிறது. குரங்கின் கதியும் இதுவே. பறவைகளிலும் இச்சத்தைச் செய்யமுடியாதவை உண்டென்று கல்கத்தா சர்வகலாசாலையைச் சேர்ந்த ராய், குஹா என்பவர்கள் 1958ல் சோதித்து எழுதினார்கள்.

ஆகவே, தலையில் பிறந்தேன் என்பவனுக்கும், காலில் பிறந்தவன் என்று தள்ளிவைக்கப்பட்டவனுக்கும் ஈரலில் இருப்பது ஒரே குறைதான். பூணூல் போட்டதால் அந்த நொதி யாருக்கும் சுரந்ததில்லை. எலிக்குள்ள இத்திறமை எந்த மடாதிபதிக்கும் கிடையாது! பிறவியில் உயர்வு எங்கே இருக்கிறது?

நாமோ எலுமிச்சம்பழத்தை வாசலில் கட்டுகிறோம். வண்டிச் சக்கரத்தின் கீழே வைத்து நசுக்குகிறோம். பிள்ளையின் வாய்க்குப் போகவேண்டிய சத்து வீதிப் புழுதிக்குப் போகிறது. ஒரு கொய்யாப்பழத்தில் ஒரு நாளைக்கு வேண்டிய சத்து இருக்கிறது. நெல்லிக்காயிலும் ஏராளம். கொதிக்கவைத்தால் இச்சத்துக் குறையும்; ஆகையால் பச்சையாகவே கொடுங்கள். ஈறில் ரத்தம் வருவதற்கு வேறு காரணங்களும் உண்டு. வந்தால் மந்திரவாதியிடம் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தோழர்களே! நாசமாகவேண்டியது பாபமல்ல, நோயைப் பாபமென்று நம்பும் அறியாமையே நாசமாகவேண்டும்.