மீனுக்கும் ஒரு பேரேடு



சில வருடங்களுக்கு முன் ஊரிலிருந்து மச்சான் தொலைபேசி எடுத்தார். "குளத்திலை ரோகுக் குஞ்சு விடப்போறம், கொஞ்சம் காசு அனுப்புங்கோ" என்றார். அனுப்பினேன். பத்து மாதமாகியும் மீன் கையளவைத் தாண்டவில்லை. தண்ணீரிலும் தீவனத்திலும் குறை காணோம். குஞ்சின் தாய் தகப்பன் எவை என்று கேட்டால், விற்றவருக்கும் தெரியாது. வவுச்சர் இல்லாமல் ஐம்பது திர்ஹம் கொடுக்காத கணக்காளன் நான். அன்று ஒரு கேள்வியும் கேட்காமல் காசு அனுப்பிவிட்டேன்.

ரோகு ஆற்று மீன். குளத்தில் தானாக இனம் பெருக்காது. ஊசி போட்டுத்தான் முட்டையிடச் செய்கிறார்கள். ஒரு பெண் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். அதனால் நாலைந்து சோடியே போதுமென்று வைத்து, அவற்றின் பிள்ளைகளையே திரும்பத் திரும்பச் சோடி சேர்த்தால், நெருங்கிய இரத்தக் கலப்பால் வளர்ச்சி குன்றும். வட்டியை விட்டு முதலையே எடுத்துச் சாப்பிடுகிற கதைதான்.

இதற்கு மாற்று வழியை இந்தியா காட்டியது. 1992இல் புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம், நோர்வே விஞ்ஞானிகளுடன் சேர்ந்து வேலை தொடங்கியது. கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆகிய ஐந்து ஆறுகளின் ரோகுவும் பண்ணை ரோகுவும் சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு குடும்பத்தையும் தனியே வளர்த்து, அடையாளச் சில்லு பொருத்தி, நன்றாக வளர்ந்தவற்றைத் தேர்ந்தார்கள். தலைமுறைக்குச் சராசரியாக ஏறத்தாழ 17 சதவீத முன்னேற்றம். கூட்டு வட்டி போட்டுப் பாருங்கள்: ஐந்து தலைமுறையில் நூறு இருநூறைத் தாண்டும். 1997இல், சுதந்திரப் பொன்விழா ஆண்டில், அதற்கு 'ஜெயந்தி' என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பேரேடு கையால் எழுதியது. இப்போது மீனின் மரபணுவே பேரேடு. வளைகுடாச் சந்தைகளில் நாங்கள் வாங்கும் 'சீ பிரீம்' மீனைப் பாருங்கள். பொரிப்பகத்தில் பல ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் கூடி முட்டையிடும். எது எதன் பிள்ளை என்று கண்ணால் சொல்ல முடியாது. செட்டையில் சிறு துண்டு நறுக்கி மரபணுவை வாசித்தால் பெற்றோர் தெரிந்துவிடும்.

நோய் விஷயத்தில் இதன் பயன் இன்னும் பெரிது. கிருமியைக் கொடுத்துச் சோதித்த மீனைத் தாய்மீனாக வைப்பது ஆபத்து. அதன் சகோதரங்களைத்தான் வைக்க வேண்டும். ஆனால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே உடம்பா? எந்தச் சகோதரத்துக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறது என்பதை மரபணு காட்டும். சால்மன் குஞ்சுகளைக் கொன்ற கணைய நோய் ஒன்றுக்கு எதிர்ப்புத் தரும் மரபணுப் பகுதியை 2008, 2009இல் ஸ்கொட்லாந்து, நோர்வே ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதை வைத்துத் தேர்ந்த முட்டைகள் பண்ணைகளுக்குப் போயின. நோர்வேயில் அந்த நோய் வெகுவாகக் குறைய அது உதவியது.

பிறப்புப் பத்திரமும் உறுதியும் இல்லாமல் புறப்பட்டவர்கள் எங்களில் எத்தனை பேர்! தாய் தகப்பன் பெயரை நிரூபிக்க அலுவலக வாசல்களில் நின்ற நாங்கள், பதிவின் அருமை அறிந்தவர்கள். ஆகவே, ஊரில் மீன் வளர்க்கக் காசு கேட்டால் தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: தாய்மீன் எங்கிருந்து வந்தது? எத்தனை சோடி, எப்போது மாற்றினார்கள்? பதில் இல்லாவிட்டால் வேறு பொரிப்பகம் பார்க்கச் சொல்லுங்கள்.