ஹோல்கா என்னும் எளிய காமிரா



ஹோல்கா என்னும் காமிராவை முதன்முதல் கையில் எடுப்பவர் சிரிக்கத்தான் செய்வார். உடல் முழுதும் பிளாஸ்டிக், லென்ஸுங்கூடப் பிளாஸ்டிக். திருவிழாக் கடைப் பொம்மையோ என ஐயுறத் தோன்றும். ஆயினும் அது பொம்மையாகப் பிறந்ததன்று. 1980-களின் தொடக்கத்தில், ஹாங்காங்கைச் சேர்ந்த டி. எம். லீ என்பவர், சீனத்தின் எளிய குடும்பங்கள் வாங்கத்தக்க விலையில் இதனை அமைத்தார். அந்நாளில் அங்கே எளிதிற் கிடைத்தது 120 என்னும் அகலமான பிலிம். விரைவிலேயே 35 மில்லிமீட்டர் பிலிம் பரவியது. குடும்பங்கள் அதன்பின் சென்றன. அவர்கள் விட்டதை மேல்நாட்டுக் கலைஞர்கள் எடுத்துக்கொண்டனர்.

இதன் குறைகள் பல. படத்தின் நடுப்பகுதி ஓரளவு தெளிவாக விழும், மூலைகள் இருண்டுவிடும். பின்மூடியின் இடுக்கில் ஒளி கசியும். கறுப்பு நாடா ஒட்டி அடைப்பார்கள். தொலைவைக் குறிக்க ஒருவர், சிறு குடும்பம், கூட்டம், மலை என நான்கு சித்திரங்களே உண்டு. வெயிலுக்கும் மேகத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருக்கின்றன. பழைய ஹோல்காக்களில் குறியை மாற்றினாலும் ஒளி புகும் துவாரம் மாறுவதில்லை!

இக்குறைகளே அழகு என்று புகழ்வோருடன் நான் உடன்படுவதில்லை. இருண்ட மூலைகளை இன்று கைப்பேசியே உண்டாக்கித் தருகிறது. ஹோல்காவின் இன்பம் வேறு. சதுரப் படமாக எடுத்தால் ஒரு சுருளில் 12 படங்களே கிடைக்கும். எடுத்ததை உடனே பார்க்கவும் இயலாது. வீட்டில் பாட்டியாரைப் படமெடுக்க விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியானால் 40 படம் எடுத்து 39-ஐ அழித்துவிடலாம். ஹோல்காவின் லென்ஸுக்கோ மிகுந்த வெளிச்சம் வேண்டும். ஆகவே அவரை உள்ளறையிலிருந்து வாசலுக்கு அழைக்கவேண்டும்; அழைத்தால் உட்கார்ந்து பேசவேண்டும். பேசிக்கொண்டிருக்கையில் அவர் முகம் மாறும் கணம் ஒன்று வரும். அதற்காகக் காத்திருப்பதிலேதான் சுவை இருக்கிறது.

வியட்நாம் போரைப் படமெடுத்த டேவிட் பர்னெட், 2000-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலின்போது அல் கோரை ஹோல்காவால் எடுத்தார். வெள்ளை மாளிகைச் செய்திப் படக்காரர் சங்கத்தின் போட்டியில் 2001-இல் அப்படம் உயரிய பரிசு பெற்றது. பரிசு அக்கண்ணுக்கே உரியது. பிளாஸ்டிக் அதற்குத் தடையாக நிற்கவில்லை, அவ்வளவே.

2015-இல் நின்ற இதன் உற்பத்தி, 2017-இல் மீண்டும் தொடங்கியது. உங்களுக்கு ஒன்று கிடைத்தால், பின்புறத்துச் சிவப்புச் சாளரத்தில் எண்ணைப் பார்த்துப் பிலிமைச் சுற்றுங்கள். சுற்ற மறந்தால் ஒரு படத்தின்மேல் மற்றொன்று பதிந்துவிடும். பன்னிரண்டும் முடிந்தபின் காகிதம் முழுதும் சுற்றி முடியும்வரை திருகுங்கள். நிழலில் நின்று மூடியைத் திறந்து, சுருள் தளராமல் ஒட்டுத்தாளை நனைத்து ஒட்டிவிடுங்கள்.