புழுவை விட்டுவைக்கும் கலை

காய்கறித் தோட்டத்தில் புழுவைக் கண்டதும் அதை ஒழித்துவிட வேண்டும் என்று தோன்றுவது மனித சுபாவம். கண்ட மாத்திரத்தில் மருந்தைத் தேடாமல், அந்தப் புழுவைத் தின்ன யார் வந்திருக்கிறார்கள் என்று நின்று பார்க்கும் நிதானமோ பழக்கத்தினால் மட்டுமே கைவருவது. அந்த நிதானத்தை ஒரு கலையாகவே கொண்டு இன்று பேச விரும்புகிறேன். கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டை அதற்குக் களமாக எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் பலாவும் வாழையும் காப்பியும் மரத்தைப் பற்றிய மிளகுக் கொடியும், அவற்றை அடுத்து அவரையும் மொச்சையும் தக்காளியும் கத்தரியும் கலந்து நிற்கும் மலைத் தோட்டத்தில், இக்கலைக்கு வேண்டிய சௌகரியங்கள் பெரும்பாலும் தாமாகவே வாய்த்திருக்கின்றன.

கண்ணுக்கு எளிதில் தெரிகிறவர்களை முதலில் சொல்கிறேன். வீட்டுச் சுவரிலும் இறவாணத்திலும் ஈர மண்ணைக் கொணர்ந்து சிறு கலயம் போலக் கூடு கட்டும் குளவியை நம்மில் பலர் குச்சியால் தட்டிவிடுகிறோம். அக்கலயத்தை உடைத்துப் பார்த்தால் உள்ளே பச்சைப் புழுக்கள் அடுக்கியிருக்கும். அவை செத்தவை அல்ல. கொடுக்கின் விஷத்தால் செயலற்றுக் கிடப்பவை, பிறக்கப்போகும் குளவிக் குஞ்சுக்காகச் சேமித்த உணவு. பிரெஞ்சு தேசத்தின் பூச்சி ஆராய்ச்சியாளர் ஃபாபர், இத்தகைய குளவியொன்று தன் முட்டையைக் கூட்டின் மேற்கூரையிலிருந்து மெல்லிய நூலில் தொங்கவிட்டிருப்பதைக் கண்டு எழுதினார். கீழே குவிந்துள்ள புழுக்கள் நெளிந்தாலும் முட்டை நசுங்காமல் தப்புவதற்கு அமைந்த உபாயம் அது. இந்த ஒரு விவரத்தைத் தெரிந்துகொண்டவர் எவரும் மறுபடி குச்சியை எடுக்கமாட்டார் என்பது என் நம்பிக்கை.

ஆனால் தோட்டத்தில் பெரிய வேலை செய்கிறவர்கள் கண்ணுக்கு அகப்படாதவர்கள். டிரைக்கோகிராமா என்னும் முட்டை ஒட்டுண்ணியின் உடல் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அந்துப்பூச்சி இலையில் இட்ட முட்டைக்குள்ளே இது தன் முட்டையை இடுகிறது. புழு பிறக்க வேண்டிய முட்டை கறுத்துப்போய், அதிலிருந்து புழுவுக்குப் பதில் ஒட்டுண்ணியே வெளிப்படுகிறது. அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றில் இந்த ஒட்டுண்ணியை வளர்த்து, கரும்பு விவசாயிகளுக்குக் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுநாளாக உண்டு. இன்னொரு ஜாதிச் சிறு குளவி உயிருள்ள புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். குஞ்சுகள் உள்ளிருந்து தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து, அரிசிமணி போன்ற வெண்ணிறக் கூடுகளை நூற்றுக்கொள்ளும். புழுவின் முதுகிலும் இலையின் அடியிலும் காணும் இக்கூடுகளைப் புழுவின் முட்டை என்று எண்ணி நசுக்குபவர்கள் ஏராளம். அப்படி நசுக்கும்போது அடுத்த தலைமுறைக் காவலையே அழித்துவிடுகிறார்கள்.

இனி இக்கலையின் உயிர்நிலைக்கு வருகிறேன். புழுவே இல்லாத தோட்டத்தில் குளவி தங்காது. அதன் குஞ்சுக்கு இரை வேண்டும். ஆகையால் தோட்டக்காரர் சில இலைகளை மனமறிந்து புழுவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. வளர்ந்த குளவிக்கோ தேன் வேண்டும். கொத்தமல்லி, கடுகு இவற்றில் சில செடிகளைப் பறிக்காமல் பூக்கவிட்டால், அச்சிறு பூக்களில் ஒட்டுண்ணிகளின் குட்டை வாய்க்கு எட்டும்படி தேன் கிடைக்கும். வரப்போரத்தில் ஆமணக்கு நட்டால், புகையிலைப் புழுவின் தாய்ப் பூச்சி அதன் அகன்ற இலையை நாடி வந்து கொத்துக்கொத்தாக முட்டையிடும். புழுக்கள் பொரித்து இலையைக் கூட்டமாகச் சுரண்டும் ஆரம்ப நாட்களிலேயே அந்த இலையைக் கிள்ளி அப்புறப்படுத்துவது எளிது. எத்தனை இலையை இழக்கலாம், எப்போது கிள்ளலாம் என்று அறிவதில்தான் திறமை இருக்கிறது. இதைப் புத்தகத்தால் கற்பிப்பது கடினம்.

பொறிவண்டும் கும்பிடுபூச்சியும் பெறும் புகழ்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. பொறிவண்டு பெரும்பாலும் அசுவினியைத் தின்பது. புழு விஷயத்தில் அதன் உதவி சொற்பம். கும்பிடுபூச்சி நண்பன், பகைவன் என்று பாராமல் தேனீயையும் பிடித்துத் தின்னும். மா, பலா மரங்களில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் செம்முசுறு எறும்பு புழுவை வேட்டையாடுவதில் நிகரற்றது. கி.பி. 304-இல் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் சீன நூலொன்று, ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் எறும்புக் கூடுகளை விலை கொடுத்து வாங்கியதைக் குறிப்பிடுகிறது. எனினும் தித்திப்பு நீருக்காக அசுவினியையும் மாவுப்பூச்சியையும் அதே முசுறு பாதுகாக்கும். என் அபிப்பிராயத்தில் முதல் மரியாதை பெயர் தெரியாத சிறு குளவிகளுக்கே உரியது.

ஆனால் இதே கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதியை, ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி கவர்ந்துகொண்டது. ஒரே பயிர் பரந்து நிற்கும் இடத்தில் பகைப் பூச்சிக்கு விருந்தும் நட்புப் பூச்சிக்குப் பட்டினியும் நேர்கின்றன. 2020-இல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் வட்டாரங்களையும் பற்றியபோது, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனாகிரஸ் லோபெசி என்னும் சிறு குளவியைத் தருவித்தது. 2022 மார்ச்சில் சேலத்தை அடுத்த ஏத்தாப்பூரில் அது வெளியிடப்பட்டது. 1981 முதல் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காத்த அதே குளவி; அம்முயற்சியை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அன்னியப் பகைக்கு அன்னியத் துணை தேவைப்பட்டது. நம் அவரைக்கும் கத்தரிக்கும் வரும் புழுக்களின் விரோதிகளோ ஏற்கெனவே இங்கேயே குடியிருக்கிறார்கள்.

இக்கலைக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவரைப் பூவையும் மொட்டையும் நூலால் பிணைத்து உள்ளிருந்து தின்னும் புழுவையும், கத்தரிக் குருத்துக்குள் புகுந்துவிட்ட புழுவையும் குளவி எட்டுவது கடினம். வாடிய குருத்தை அன்றன்றே கிள்ளி அழிக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால், பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிர்க் கரைசலை, புழு பொரித்து உள்ளே புகுமுன், வெயில் தாழ்ந்த மாலையில் தெளிக்கலாம். இலையோடு அதைத் தின்ற புழு சாகும், பக்கத்துக் கொத்தமல்லிப் பூவில் தேன் குடிக்கும் குளவிக்கு அதனால் தீங்கில்லை.