பாங்கிப் பேரேட்டின் சாவி யார் கையில்?

(பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களின் மீனவர் கூட்டத்தில் பேசியது)



வைரவன்குப்பமானாலும் சரி, லைட்ஹவுஸ் குப்பமானாலும் சரி, பாங்கிக் கணக்கு இல்லாத வீடு இன்று அரிது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலில் தடை. அந்தத் தடைக்கால நிவாரணம் கணக்கில்தான் விழுகிறது. மகளிர் குழுக் கடனும் கணக்கு வழியாகத்தான் வருகிறது. நம் வரவும், கடனும், கஷ்டமும் பாங்கிப் பேரேட்டில் ஏறிவிட்டன.

அந்தப் பேரேட்டை யார் பார்க்கலாம்? முன்பணம் கொடுத்த மீன் வியாபாரி பார்க்கலாமா? யாரோ ஓர் அதிகாரி வந்து கேட்டால் எடுத்து நீட்டிவிடலாமா? கூடாது! ஏன் கூடாது என்பதை உழைப்பாளிகளாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்தில், 1891இல் ஒரு சட்டம் வந்தது. பாங்கிக் கணக்குப் புத்தகங்களைக் கோர்ட்டில் சாட்சியமாக்குவது பற்றிய சட்டம் அது. இன்றும் அமலில் இருக்கிறது. தபால் ஆபீஸ் சேமிப்புக்கும் பொருந்தும். அதன் 5ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பாங்கி ஒரு கட்சியாக இல்லாத வழக்கில், தனிக் காரணம் காட்டி ஜட்ஜு உத்தரவு போட்டாலொழிய, பேரேட்டைக் கொண்டு வா என்று பாங்கி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது. 6ஆம் பிரிவு என்ன சொல்கிறது? வழக்கில் உள்ள ஒருவர் மனுச் செய்தால், அந்த வழக்குக்கு வேண்டிய பதிவுகளைப் பார்க்கவும் நகலெடுக்கவும் கோர்ட் அனுமதிக்கலாம். வேறுவிதமாகக் கோர்ட் சொல்லாவிட்டால், விடுமுறை நீக்கி மூன்று முழு நாள் முன்னதாக உத்தரவு பாங்கிக்குச் சேர வேண்டும். ஆட்சேபம் இருந்தால் பாங்கியும் சொல்லலாம்.

நம் ஏரியில் பாடு முறை இருக்கிறது. நினைத்த இடத்தில், நினைத்த நாளில் யாரும் வலை கட்ட முடியாது. எந்தப் பாடு, யாருடைய முறை என்று ஊர்க் கட்டுப்பாடு உண்டு. கோர்ட்டிலும் அப்படித்தான். எந்தக் கணக்கு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வழக்குக்கு அது எதற்கு வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஒருவன் வாழ்க்கை முழுவதையும் கிளறிப் பார்க்க இந்தச் சட்டம் இடம் தரவில்லை.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அந்த ஆந்திரத்தில் நடந்ததைக் கேளுங்கள். முத்திரைத்தாள் சட்டத்தை 1986இல் அந்த சர்க்கார் திருத்தியது. கலெக்டர் யாரை அனுப்பினாலும் அவர் எந்த இடத்திலும் நுழைந்து தஸ்தாவேஜுகளைப் பார்க்கலாம், எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஆக்கியது. கனரா பாங்கி வழக்கில் 2004இல் சுப்ரீம் கோர்ட் இதைச் செல்லாது என்றது. நம் காகிதத்தை நம்பிக்கையோடு பாங்கியிடம் கொடுத்துவிட்டதால் அதன் அந்தரங்கம் போய்விடாது. அந்தரங்கம் மனிதனைச் சேர்ந்தது, கட்டடத்தைச் சேர்ந்ததல்ல என்று தீர்ப்புக் கூறியது.

சரி, ரகசியம் நல்லது என்றால் எல்லா ரகசியமும் நல்லதா? இங்கேதான் தோழர்களே, விழிப்பு வேண்டும்!

2018இல் மத்திய சர்க்கார் தேர்தல் பத்திரத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஸ்டேட் பாங்கில் மட்டும் பத்திரம் வாங்கலாம். 1,000 ரூபாயிலிருந்து 1 கோடி ரூபாய் வரை பத்திரம் உண்டு. வாங்கியவர் பெயர் ரகசியம். கோர்ட் கேட்டாலோ, குற்ற வழக்குப் பதிவானாலோ மட்டும் சொல்லலாம் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். எந்த முதலாளி எந்தக் கட்சிக்குக் கொட்டிக் கொடுத்தான் என்பது வாக்களிக்கும் ஜனங்களுக்குத் தெரியாது!

ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம், காமன் காஸ், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி முதலியோர் வழக்குத் தொடுத்தார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் திட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார்கள். 2019 ஏப்ரல் 12 முதலான விவரங்களைத் தேர்தல் கமிஷனிடம் கொடுக்க ஸ்டேட் பாங்கிக்கு உத்தரவு போட்டார்கள்.

பாங்கி என்ன செய்தது? ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. 22,217 பத்திரம், வாங்கியவர் விவரம் ஓரிடம், பெற்ற கட்சியின் விவரம் வேறிடம், பொருத்திப் பார்க்க நாளாகும் என்றது. அதற்குள் பார்லிமெண்டுத் தேர்தல் முடிந்துவிடுமே! பொருத்திப் பார்க்க நாங்கள் சொல்லவில்லை, இருப்பதைக் கொடு என்றது கோர்ட். மார்ச் 11 அன்று மனு தள்ளுபடி; மறுநாளே விவரம் கமிஷனுக்குப் போனது! பத்திர எண்களையும் கோர்ட் கேட்டு வாங்கியது. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு லாட்டரிக் கம்பெனி மட்டும் 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியது ஊரறிய வெளிவந்தது.

பார்த்தீர்களா? கோர்ட் உத்தரவு என்ற ஒரே சாவிதான். ஏழையின் பெட்டியைக் கண்டவன் திறக்காமல் காப்பதும் அதுவே. நாட்டை ஆள்வோருக்குப் பணம் போன வழியைத் திறந்து காட்டியதும் அதுவே. ஆகவே ரகசியம் என்று யார் சொன்னாலும் நாம் கேட்க வேண்டியது இதுதான்: யாருடைய ரகசியம்? யாருக்குத் தெரியாமல்?

நாம் செய்ய வேண்டியது என்ன?

உங்கள் கணக்கை மூன்றாம் ஆளுக்குப் பாங்கியில் காட்டினால் மானேஜருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். நாட்டுடைமைப் பாங்கிகள் வாடிக்கையாளர் விஷயத்தை வெளியிடக் கூடாது என்று 1970ஆம் வருடச் சட்டத்தின் 13ஆம் பிரிவே சொல்கிறது. 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள், கட்டணம் இல்லை.

போலீஸ் விசாரணைக்கும் வருமான வரிக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. அவர்களும் சட்டப்படி எழுத்து மூலம் கேட்க வேண்டும். வாய்ச்சொல் போதாது.

உங்களுக்கு அடுத்தவர் கணக்கு தேவைப்படலாம். கைவிட்டுப் போன புருஷன் கையில் காசில்லை என்று ஜீவனாம்ச வழக்கில் சொல்லலாம். வாங்கின கடனை அடைத்த பிறகும் வட்டிக்காரன் வழக்குப் போடலாம். அப்போது கணக்கும் தேதியும் குறித்துக் கோர்ட்டில் மனுப் போடுங்கள். பாங்கி அத்தாட்சி செய்த நகலே சாட்சியம். பணம் கட்டிய சீட்டைப் பத்திரமாக வையுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும்.

ஆலையில் கூலி வாங்குவோருக்கும், வயலில் நாற்று நடுவோருக்கும் இதே சட்டம்தான். குப்பம்தோறும் இதைச் சொல்வோம். எழுத்தில் உத்தரவு எங்கே என்று கேட்கப் பழகுவோம்!