டீக்கடை பெஞ்சும் சலூன் நாற்காலியும்



'இங்கு அரசியல் பேசக் கூடாது' என்ற பலகையை நம் ஊர் டீக்கடைகளிலும் சலூன்களிலும் பார்த்திருப்பீர்கள். இல்லாத வழக்கத்துக்கு யாரும் தடை எழுதி மாட்டுவதில்லை. 1675 டிசம்பரில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் காப்பிக் கடைகளையே மூடச் சொல்லி ஆணை போட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நம் டீக்கடைக்காரர் அவரைவிட விவரமானவர். பலகையை மாட்டிவிட்டு, அதன் கீழேயே நாலு பேர் கட்சி பேசுவதைக் கேட்டுக்கொண்டு டீ ஆற்றினார்.

திராவிட இயக்கத்தின் மேடைப் பேச்சைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. கூட்டம் கலைந்த மறுநாள் காலை அந்தப் பேச்சு என்ன ஆயிற்று என்பதே இன்று என் பொருள்.

1925-இல் ஈரோட்டிலிருந்து 'குடி அரசு' வந்தது, 1935-இல் 'விடுதலை'. 1942-இல் காஞ்சிபுரத்தில் அண்ணாவின் 'திராவிட நாடு', அதே ஆண்டு மதுரையில் ஆதித்தனாரின் 'தந்தி'. ஆனால் 1951 கணக்கெடுப்பின்போதுகூட இங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுத்து தெரியும். வானொலியோ அரசின் கையில். விற்ற பிரதிகளை எண்ணி இந்தப் பத்திரிகைகளின் வீச்சை அளக்க முடியாது.

டீக்கடைக்கு வந்த பத்திரிகை முழுசாக இருந்ததே இல்லை. தாள் தாளாகப் பிரிந்து நாலு கைகளுக்குப் போகும். ஒருவர் உரக்கப் படிப்பார். எழுத்தறியாத ஒருவர், படித்தவரைவிட நன்றாக நினைவு வைத்துக்கொள்வார். மூன்றாமவர் 'அதெப்படிய்யா?' என்று மறிப்பார். மேடையில் அண்ணாவை இப்படி மறிக்க முடியாது. இங்கே முடியும். மறித்ததும், படித்தவர் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுத் தன் வாய்மொழியில் பதில் சொல்லியாக வேண்டும். அடுக்குமொழி உதிர்ந்து, கருத்து ஊர்ப்பேச்சாக மாறியது அந்தப் பதிலில்தான். கருத்து ஊன்றியதும் அங்கேதான் என்பது என் கட்சி.

சலூனில் இன்னொரு வசதி உண்டு. கழுத்தைச் சுற்றித் துணி கட்டிய பிறகு யாரும் எழுந்து போக முடியாது. முறைக்காகக் காத்திருப்பவர்களுக்கும் படிப்பதையும் கேட்பதையும் தவிர வேறு வேலை இல்லை. இதைச் சிரிப்புக்காகச் சொன்னாலும், இதன் அடியில் பொருளாதாரம் இருக்கிறது. கிராமத்தில் முடிதிருத்துபவர் வீட்டு வாசலுக்குப் போய் வேலை செய்தார்; அறுவடைக்கு அறுவடை நெல் வாங்கினார். நெல் அளப்பவரை எதிர்த்து எந்தக் கருத்தும் பேச முடியாது. டவுனில் ஒரு கண்ணாடியும் ஒரு நாற்காலியும் போட்டுக் கடை வைத்ததும் கதை மாறியது. இப்போது வாடிக்கையாளர் இவர் வாசலுக்கு வந்தார். கையில் காசு கொடுத்தார். சுவரில் பெரியார் படத்தை மாட்ட யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. சுயமரியாதை என்பது அவருக்கு வெறும் கட்சிக் கொள்கையாக இருந்திருக்க முடியாது.

1949-இல் தி.மு.க. பிறந்த பிறகு தெருவுக்குத் தெரு படிப்பகங்கள் முளைத்தன. ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு பெஞ்சு, வாசலில் கொடிக்கம்பம், கட்சிப் பத்திரிகைகள் சில. அவ்வளவுதான். கூடிப் படிக்கும் இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதுமல்ல: கண்ணூர்ப் பக்கத்துப் பீடித் தொழிலாளர்கள் தங்களில் ஒருவரைப் பத்திரிகை படிக்கச் சொல்லிவிட்டு, அவர் பங்குப் பீடியைத் தாங்களே சேர்த்துச் சுற்றினார்கள்.

இதுவரை சொன்னது பாதிதான். அந்த பெஞ்சில் யார் உட்கார முடிந்தது?

உணவு விடுதிகளின் சாதி வாசலை இயக்கம் நேராகவே எதிர்த்தது. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்குத் தனி இடம் இருந்ததை எதிர்த்தது; 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லி மறியல் நடத்தியது. பெருமைக்குரிய வரலாறு. ஆனால் அதே காலத்தில் ஊர் டீக்கடைகள் பலவற்றில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குவளை இருந்தது. குடித்துவிட்டு அவர்களே கழுவி வைக்க வேண்டும். பெஞ்சில் உட்காரக் கூடாது. சில சலூன்களும் அவர்களை ஏற்கவில்லை. டெல்லியின் ஆதிக்கமும் அக்கிரகாரத்தின் ஆதிக்கமும் சூடாக அலசப்பட்ட பெஞ்சில், ஓரத்தில் தொங்கிய அந்தக் குவளை எத்தனை நாள் பேச்சுக்கு வந்தது? பெஞ்சில் இருந்தவர்களுக்கு வலித்தவை பேசப்பட்டன. அவர்களால் மற்றவருக்கு வலித்தவை பெரும்பாலும் பேசப்படவில்லை. இயக்கம் சறுக்கிய இடங்களைத் தேடுபவர்கள் கட்சித் தீர்மானங்களோடு இந்தக் கடைகளின் வாசலையும் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கும் அந்த பெஞ்சு இல்லை. அவர்களுக்கு இயக்கம் திறந்த இடம் கல்யாணப் பந்தல். 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் நடந்த திருமணம் முதலாக, சுயமரியாதைத் திருமணம் ஒவ்வொன்றும் ஒரு பொதுக்கூட்டம். மந்திரம் போன இடத்தில் பேச்சு வந்தது. சில பேச்சுகள் மந்திரத்தைவிட நீளம். சாப்பாட்டுக்குக் காத்திருந்த அத்தைகளும் பாட்டிகளும் பெண்ணுக்குச் சொத்துரிமை, விதவை மறுமணம் என்று கேட்க வேண்டியிருந்தது. இந்தத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது, 1967-இல் அண்ணா ஆட்சி நிறைவேற்றிய சட்டம்.

சட்டமன்றத்தில் தி.மு.க.வுக்கு 1957-இல் 15 இடம், 1962-இல் 50, 1967-இல் 137. இந்த ஏற்றத்தை டீக்கடைக் கணக்கில் எழுத நான் வரவில்லை. அரிசித் தட்டுப்பாடும், 1965 இந்தி எதிர்ப்புப் போரும், ராஜாஜியோடு கூட்டணியும் இல்லாமல் 137 வந்திருக்காது. ஆனால் அரிசி விலை ஏறியபோது, அதற்கு யார் காரணம் என்று விளக்க ஒவ்வொரு முச்சந்தியிலும் பேசிப் பழகிய ஓர் ஆள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைவர்களின் உரைகள் தொகுதி தொகுதியாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கேட்டுத் திருப்பிச் சொன்னவர்களைப் பற்றிய பதிவு குறைவு. உங்கள் ஊர்ப் படிப்பகத்துக்குச் சந்தா கட்டியது யார், எந்தச் சலூனில் எந்தப் படம் மாட்டியிருந்தது, எந்தக் கடையில் யாருக்குத் தனிக் குவளை வைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் முதலில் போங்கள். கடைசிக் கேள்வியை மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தவர்களிடம் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சேரிக்கும் போய்க் கேளுங்கள்.